பூனைத்துண்டுக்குப் பத்தியம்

மீனவன் வீட்டில் பிறந்து, படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன் என்கிற பெருமை எங்கள் குப்பத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான். கடலில் எடுப்பது பெரிய விஷயமில்லை. புதிதாகப் போகிற எவனும் எடுப்பான். நான் பழவேற்காடு ஏரியிலேயே எடுப்பேன். கடல் தண்ணீர் கலக்கிற உப்பேரிதான், ஆனால் அலை கிடையாது. பல இடங்களில் தண்ணீர் இடுப்புக்குக்கூட வராது, இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். அதிலும் எடுப்பேன். ஒருமுறை கரையில் கட்டிப்போட்டிருந்த படகில் சும்மா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த டீயும் தங்கவில்லை.

“இவன் வந்தா எரை போட வேணாம், மீனு தானா வரும்” என்று எங்கள் நைனா படகுக் கூட்டாளிகளிடம் சொல்வார். அதில் அவருக்கு வருத்தமா பெருமையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆக, தண்ணீரை விட்டுத் தரைக்கு வந்தேன். சென்னையில் ஒரு கார் டீடெய்லிங் கடையில் சேர்ந்தேன். டீடெய்லிங் என்பது காரைக் கழுவுவதல்ல. கழுவிய காரை மறுபடி கழுவி, தேய்த்து, பாலிஷ் போட்டு, மெழுகு பூசி, சொந்தக்காரனே நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் தன் கார் என்று நம்புகிற அளவுக்குக் கொண்டுபோவது. சில வருஷம் அங்கே முதுகு வளைத்துவிட்டு ஊர் திரும்பி, பஸ் போகிற ரோட்டோரம் நான்கு சவுக்குக் கழி நட்டு, நீலத் தார்பாய் கட்டிக் கடை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைப் பார்க்க, படகில் போக, நண்டு தின்ன என்று சென்னையிலிருந்து கார்கள் வரும். வந்தவர்கள் நண்டு தின்பதற்குள் எங்கள் ஊர்க் காற்று அவர்கள் காரைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துகிற வேலை எனக்கு.

கடை திறந்த அன்று நைனா வந்து பார்த்தார்.

“கழுவறதுக்கும் நீ பண்றதுக்கும் இன்னாடா வித்தியாசம்?”

“கழுவினா அழுக்கு போவும் நைனா. நான் பண்ணா மொகம் தெரியும்.”

“மொகம் பாக்க எங்கிட்ட கண்ணாடி கீது” என்று சொல்லிவிட்டு வலைக்குப் போய்விட்டார்.

இந்தத் தொழிலில் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பாலிஷில் இல்லை, மெஷினில் இல்லை, துண்டில் இருக்கிறது. மைக்ரோஃபைபர் துண்டு. நூல் ஒவ்வொன்றும் தலைமயிரைவிட மெல்லியது. என் தலையில் ஒப்பிட்டுக் காட்ட அதிகம் மிச்சமில்லை என்பதால் நீங்கள் உங்கள் தலையை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். தொட்டால் பஞ்சு. ஆனால் மீன் அரிந்து அரிந்து சொரசொரத்துப்போன கையில் அது ஒட்டிக்கொண்டு விடாது, நகம் போட்டு இழுக்கும். முதல்முறை தொட்டுப் பார்த்த என் வீட்டுக்காரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, “இன்னாயா இது, பூன மாதிரி மெத்துன்னு இருந்துகினு பிராண்டுது” என்றாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பூனைத்துண்டு. குப்பம் முழுக்க அதே பெயர்தான். நீலம் காரின் உடம்புக்கு, மஞ்சள் கண்ணாடிக்கு, சாம்பல் சக்கரத்துக்கு என்று நான் ஜாதி பிரித்து வைத்திருப்பதைப் பார்த்து, “துண்டுக்குக்கூடவா” என்று ஒரு நாள் அவள் கேட்டாள். நான் சாம்பல் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பூனைத்துண்டின் குணம் என்னவென்றால், பிடித்ததை விடாது. அழுக்கைப் பிடித்தாலும் சரி, மணலைப் பிடித்தாலும் சரி. உள்ளே ஒரு மணல் ஒளிந்திருந்தால் போதும், அடுத்த காரில் கோலம் போட்டுவிடும். அதனால் அதைத் துவைப்பது துடைப்பதைவிடப் பெரிய வேலை. வேறு துணியோடு சேர்க்கக் கூடாது. ஒருமுறை என் வீட்டுக்காரி பாவம் பார்த்து அதை நைனாவின் லுங்கியோடு ஊறப்போட்டுவிட்டாள். அந்த வாரம் நான் துடைத்த வெள்ளைக் கார், நைனாவின் லுங்கிப் பஞ்சை மேலெல்லாம் பூசிக்கொண்டு, பச்சைக் கட்டம் போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி சென்னைக்குத் திரும்பியது.

இப்படி இருக்கையில் மச்சான் கறுப்புக் கார் வாங்கினார்.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். பழைய கார்தான், ஆனால் கறுப்பு. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் கறுப்புக் கார் வைத்துக்கொள்வது, கருவாட்டுக் கொட்டகையில் பூனை வளர்ப்பதற்குச் சமம். நாள் முழுக்க அதன் பின்னாலேயே அலைய வேண்டும். ஆனால் மச்சானுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. மகளுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் பெண் புகுந்த வீட்டுக்கு அப்பன் காரில்தான் போய் இறங்க வேண்டும், அதுவும் கண்ணாடி மாதிரி மின்னுகிற காரில். வாடகைக் கார் வைத்தால் சம்பந்தி வீட்டில் இளப்பமாகப் பார்ப்பார்களாம்.

“மாப்ள, நீ கீறப்போ எனுக்கு இன்னா கவல” என்று அவர் சொன்னபோது நான் சும்மா தலையாட்டியிருக்கலாம். “மச்சான், சம்பந்தி அதுல பாத்து ஷேவிங்கே பண்ணிக்கலாம்” என்றேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்தார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. கார் இவன் சொன்ன மாதிரி வந்துச்சுன்னா இவன் தொழிலப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். வரலன்னா, கல்யாணம் முடிஞ்ச மறுநாளு தார்பாயப் பிரிச்சிட்டு என்கூடப் படகுல வரான்.”

“வரட்டும்” என்றார் மச்சான், என்னைக் கேட்காமலே.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை காரை விட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் கொண்டுவந்துவிடச் சொல்லிவிட்டு மச்சான் பந்தல் வேலைக்குப் போனார். துண்டெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அழுக்கோடு கிடந்தது. துவைக்க நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் டேங்கர் டிராக்டரில் வருகிறது. அன்று காலையில் வந்ததை அப்படியே கல்யாண வீட்டுச் சமையலுக்கு இறக்கிவிட்டார்கள். வீட்டில் குடிக்கிற குடத்தைத் தொட்டால் என் வீட்டுக்காரி என்னைக் குடித்துவிடுவாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கண்ணெதிரே இவ்வளவு பெரிய ஏரி கிடக்கிறது. எங்கள் வம்சமே அதில்தான் வலையை அலசுகிறது.

துண்டுகளை வாளியில் அள்ளிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினேன். படகில் ஏறினால் குடல் மறக்கிறதே தவிர, கை எதையும் மறக்கவில்லை. வலையை அலசுகிற மாதிரியே இரண்டு கையாலும் விரித்து, வீசி, உதறி, முறுக்கி அலசினேன். அவ்வளவு அழகாக அலசினேன் என்று எனக்கே தோன்றியது. மணலில் காயப்போட்டால் மணல் ஒட்டும் என்று தெரிந்துகொள்கிற அளவுக்குப் புத்தி இருந்தது. அந்தப் புத்தியோடு நிறுத்தியிருக்கலாம். மணல் படாத இடம் எது என்று தேடி, நைனா கழியில் உலர்த்தியிருந்த நண்டு வலைமேல் எல்லாவற்றையும் விரித்துவிட்டு, வெயிலில் நன்றாகக் காயட்டும் என்று டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது துண்டு அப்பளமாக இருந்தது. மடித்தால் முறுமுறு என்றது. வெயிலில் பிடித்தால் பளிச்பளிச்சென்று மின்னியது. ஒசத்தித் துண்டு, மின்னத்தானே செய்யும் என்று நினைத்தேன். மின்னியது உப்பும் மீன் செதிலும் என்று, பானெட்டின் நடுவில் வைத்து நீளமாக ஒரு இழுப்பு இழுத்தபிறகுதான் தெரிந்தது. காய்ந்த கருவாட்டைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தால், சம்பந்தி ஷேவிங் செய்துகொள்ள வேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாக மெல்லிய கீறல், சிலந்தி வலை பின்னின மாதிரி. எங்கள் வம்சத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு வலை பின்னத் தெரிந்தவர்கள்தான்.

சரியாக அந்த நேரத்தில் நைனா ரோட்டில் வந்தார். நான் பானெட்மேல் குப்புறப் படுத்துவிட்டேன்.

“இன்னாடா, காரைக் கட்டிப் புடிச்சினு கீற?”

“சூடா கீதான்னு பாக்குறேன் நைனா.”

“காலையிலேர்ந்து வண்டி ஓடவே இல்லியே.”

“அதான் நைனா. சூடா இல்ல.”

“கல்யாணத்துக்கு மறுநாளு காத்து நல்லாருக்கும்னு சொல்றாங்க. வெறும் வயித்தோட வந்துடு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம்; ஆழமில்லை. ஆனால் பாலிஷைத் துடைத்தெடுக்கச் சுத்தமான துண்டு வேண்டும். சுத்தமான துண்டுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். மத்தியானம் இன்னொரு டேங்கர் வரும் என்றார்கள். எனக்கு மிஞ்சியிருந்த வழி அது ஒன்றுதான். ஆனால் அந்த வழியில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு நிற்பார்கள்.

எங்கள் ஏரியில் எங்கே யார் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துக்கொள்வது. முறை தவறி வலை போட்டவனைப் பஞ்சாயத்தில் நிற்கவைத்துவிடுவார்கள். ஆண்கள் ஏரிக்கு வைத்திருக்கிற அதே பாட்டைப் பெண்கள் டேங்கருக்கு வைத்திருந்தார்கள். அதில் பஞ்சாயத்தெல்லாம் கிடையாது, அங்கேயே தீர்ப்பு. அன்று என் வீட்டுக்காரியின் பாடு நடுவில் வந்தது. நான் அவள் பின்னால் போய், துண்டு வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாத்துக்கு வந்த?” என்றாள் திரும்பாமலே.

“ஒரு நாலு கொடம் வேணும்.”

“எதுக்கு?”

வாளியை முன்னால் வைத்தேன். அவள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள், முகர்ந்தாள், வெயிலில் பிடித்தாள். மீனவன் மகள், துண்டு எங்கே அலசி எங்கே காய்ந்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“கார்ல போட்டியா?”

“லேசா.”

“எங்க?”

“நடுவுல.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குத் தலைக்கு ஊத்திக்கணும்னு இந்தத் தண்ணிக்குக் காத்துனு கீறேன். இத உன் பூனைக்கு ஊத்தணுமா?”

“கார் பளபளன்னு வரணும்மே.”

“வரலன்னு வை, உன் மண்டைய அப்பிடி ஆக்கிடுவேன்.”

“அது ஏற்கெனவே பாதி ஆயிடுச்சே” என்று வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் எதிர்வீட்டு அத்தை. அன்றைக்கு முதல் பாடு அவருடையது. எங்கள் தெருவில் ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது என்று முடிவானால் முதல் பாடு எப்போதும் அவருக்குத்தான்.

“இங்க வா மருமவனே. தண்ணி தரேன். ஆனா எங்க எதுருலயே தொவைக்கணும். ஆம்பள துணி தொவச்சு நாங்க பாத்ததில்ல.”

டேங்கரடியில் குந்தினேன். அத்தை வாளியில் இருந்து ஒரு துண்டை எடுத்து விரித்தார். “இன்னாடி இது, நம்ப வலையவிட நல்லாப் புடிச்சிருக்குது. செதிலு கீது, பாசி கீது, தோ, நண்டுக் காலு ஒண்ணுகூட.” வலையில் மாட்டினதைப் பிரித்தெடுத்தே பழகிய கைகள். வரிசையில் சும்மா நின்றவர்கள் ஆளுக்கொரு துண்டை மடியில் போட்டுக்கொண்டு, பேச்சு விடாமல், செதில் செதிலாகப் பிடுங்கிப் போட்டார்கள். பூனைத்துண்டு அவர்கள் விரல்களைப் பிராண்டியது. அவர்கள் பதிலுக்கு என்னைப் பிராண்டினார்கள்.

“நீலம் போட்டுடலாமா மருமவனே?”

“கூடாது அத்த.”

“வாசனத் தண்ணி?”

“அதுவும் கூடாது. வழவழன்னு ஆயிட்டா அழுக்கப் புடிக்காது.”

“கஞ்சி?”

“கூடவே கூடாது.”

“பிரஷ்ஷு?”

“கையாலதான், மெதுவா.”

“வெயில்லயாவது போடலாமா?”

“நெழல்ல போடணும், காத்தாட.”

அத்தை கையிலிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். “புள்ள பெத்தவளுக்குக்கூட நாங்க இவ்ளோ பத்தியம் வெச்சதில்லடி. என் மருமவ இன்னாவோ கேட்டான்னு அன்னிக்குக் கத்துனேனே, பாவம்.”

துண்டுகளுக்குக் கார் ஷாம்புவைக் கொஞ்சமாக விட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அழுத்தி அழுத்தி எடுத்தேன். முதல் தண்ணீர் நாக்கில் வைத்தால் ஊறுகாய். இரண்டாவது தண்ணீர் மோர். கடைசியில் அத்தை தன் குடத்திலிருந்தே ஒரு குடம் சாய்த்து ஊற்றினார். அதில் நுரையும் இல்லை, உப்பும் இல்லை, நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். நக்கியதை ஊரே பார்த்தது.

இனி காய வேண்டும். எங்கே? வெளியே எங்கே கட்டினாலும் மணல் பறக்கும், கருவாட்டுச் செதில் பறக்கும், எதிர்வீட்டுக் கோழி பறக்கும். வீட்டுக்குள் போட்டால் காற்றில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே கொசுவலை தொங்கியது. மேலே ஃபேன். காற்று வரும், மணல் வராது. கொசுவலைக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, நீலம் தனியாக, மஞ்சள் தனியாகத் தொங்கவிட்டு, வலை ஓரத்தை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகி, ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். உள்ளே துண்டுகள் குடும்பம் குடும்பமாக ஆடின.

அந்தப் பக்கம் வந்த நைனா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“வலையே வேணான்னு ஓடுனவன்” என்றார், யாரிடமும் இல்லாமல். “கடைசில வலைல இன்னாத்த புடிச்சிருக்கான் பாரு.”

பொழுது சாய்வதற்குள் துண்டுகள் பூனையாகத் திரும்பிவிட்டன. கையை வைத்தால் மெத்தென்று அமுங்கி, நகம் போட்டன. தார்பாய்க்கடியில் விளக்கைப் போட்டுக்கொண்டு, பாலிஷ் விட்டு, மெஷினை மெதுவாக ஓட்டி, நீலத் துண்டால் துடைத்தேன். துடைத்த இடத்தைத் திருப்பி மறுபக்கத்தால் துடைத்தேன். ஒரு துண்டை நாலாக மடித்தால் எட்டுச் சுத்தமான முகம் கிடைக்கும். ஒவ்வொரு முகத்தையும் ஒரு முறைக்கு மேல் நம்பவில்லை. என் வீட்டுக்காரி டார்ச்சோடு வந்து, பானெட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். சிலந்தி வலை போயிருந்தது. கறுப்பில் அவள் முகமும், அதற்குப் பின்னால் என் மண்டையும் தெரிந்தன.

“இன்னும் தலைக்கு ஊத்தல நானு” என்று மட்டும் சொன்னாள். நல்லவேளையாகக் கல்யாண வீட்டில் ஒரு அண்டா தண்ணீர் மிச்சமிருந்தது.

மறுநாள் காலை காரைக் கொண்டுபோய்ப் பந்தலருகே நிறுத்தினேன். நிறுத்திய அடுத்த நிமிஷம் பூக்காரர் ஒருவர் பிளாஸ்டர் டேப்போடு வந்து, மாலையைப் பானெட்டில் ஒட்டப்போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். “பூ ஒட்டாம கல்யாணக் காரா?” என்றார். ஒட்டுவதற்கு அவர் கையில் டேப் இருந்தது, தடுப்பதற்கு என் கையில் ஒரு மஞ்சள் துண்டுதான் இருந்தது. கடைசியில் மாலையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுக் கதவை மூடிக் கட்டுவதென்று சமாதானம் ஆனது.

மச்சான் வந்து காரைச் சுற்றி நடந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்புக்குளத்துச் சம்பந்தியைத் தோளில் கைபோட்டு அழைத்து வந்து, ஏதோ பேச்சுவாக்கில் வருகிற மாதிரி காருக்கு நேராக நிறுத்தினார். சம்பந்தி ஷேவிங் செய்துகொள்ளவில்லை. ஆனால் நெற்றியில் கோணலாக இருந்த சந்தனத்தை, பின்கதவில் பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

அதைப் பார்த்தபிறகு கூட்டத்துக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. எதிர்வீட்டு அத்தை பொட்டைச் சரிபார்த்தார். இளவட்டங்கள் சீப்பை எடுத்தார்கள். யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள நான் துண்டோடு காரைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். நைனா கடைசியில் வந்தார். முன்கதவுக்கு நேராக நின்று, சட்டைப் பையில் இருந்து தன் சின்னக் கண்ணாடியை எடுத்தார். அதைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, கதவில் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார். சொன்ன சொல்படி வாயே திறக்கவில்லை.

பெண் காரில் ஏறி, அழுது, சிரித்து, சுண்ணாம்புக்குளம் போய்ச் சேர்ந்தாள்.

அதற்கு மறுநாள் விடிகாலையில் துண்டுகளை எண்ணிப் பார்த்தேன். நீலத்தில் ஒன்று குறைந்தது, இருப்பதிலேயே புசுபுசுவென்று இருக்கிற பெரியது. சந்தேகத்தோடு கடற்கரைக்கு ஓடினேன். படகு ஏற்கெனவே தண்ணீரில் இருந்தது. நைனா கழுத்தில் என் நீலத்துண்டு.

“நைனா, அது காரோடது. உப்புத் தண்ணி படக்கூடாது.”

“கண்ணுல உப்பு பட்டா நல்லா உறிஞ்சுதுடா.” துண்டின் நுனியால் முகத்தை ஒற்றிக் காட்டினார். “உன்னக் கூட்டினு போறதா சொன்னேன் இல்ல. நீதான் தப்பிச்சிட்ட. இதாவது வரட்டும். இதுக்கு வாந்தி வராது பாரு.”

படகுக் கூட்டாளிகள் சிரித்தார்கள். முதல் அலையில் படகு மூக்கைத் தூக்கி ஏறியது, பிறகு சறுக்கி இறங்கியது. மறுபடி ஏறியது. நீலத்துண்டு அவர் தோளில் ஜாலியாக ஆடிக்கொண்டே போயிற்று.

கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் புரட்டியது. உட்கார்ந்து கொஞ்சம் சமாளித்துக்கொண்டு, கடையைத் திறக்கப் போனேன்.